"கார்டுல ஃப்ரீ" என்று ஸ்கேன் சென்டருக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்: 14,500 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஸ்கேன் இலவசம் என்று சொல்லி என் பெரியப்பாவிடம் 14,500 ரூபாயைக் கறந்திருக்கிறார்கள். கறந்தது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிரே உள்ள தனியார் ஸ்கேன் சென்டர். பெயர் போடவில்லை. இந்த மாதிரிக் கடைகள் பெரிய ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றிலும் இருக்கின்றன, பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிவதுதான் முக்கியம். எம்.ஆர்.ஐ. மிஷினோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் ஃபிலிமைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

பெரியப்பாவுக்கு இரண்டு காலும் விறைத்துக்கொண்டு நடை தடுமாறுகிறது, பஞ்சில் மிதிப்பது போல இருக்கிறது என்கிறார். மூத்திரம் வந்தால் அடக்க முடியவில்லை. ஓ.பி. டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: டார்சல் ஸ்பைன் (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு) எம்.ஆர்.ஐ., ஹோல் ஸ்பைன் ஸ்க்ரீனிங் (முதுகுத்தண்டு முழுக்க ஒரு பார்வை), வித் காண்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் மருந்தோடு). ஸ்கேன் கவுன்டரில் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

அந்த மூன்று வாரம் ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏமாற்றுக்காரனுக்கு அதுதான் முதலீடு. ஒரு மூளை ஸ்கேனுக்கு இருபது நிமிடம் என்றால், காண்ட்ராஸ்ட்டோடு முதுகுத்தண்டு முழுக்கப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். இடையில் பக்கவாதம், விபத்து கேஸ் வந்தால் வரிசையை வெட்டிக்கொண்டு உள்ளே போகும், போகத்தான் வேண்டும். குழந்தை என்றால் மயக்க மருந்து டாக்டர் வேண்டும், அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். டெக்னீஷியன் ஒருவர் லீவு போட்டால் நைட் ஷிஃப்ட் படுத்துவிடும். படம் எடுத்தாலும் வாசித்து ரிப்போர்ட் போட ரேடியாலஜிஸ்ட் வேண்டும், எம்.டி. முடித்தவருக்கு வெளியே கிடைக்கும் சம்பளத்துக்கு அரசுச் சம்பளம் ஈடாகாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் கட்டடம் எழும்பும் வேகத்தில் ஆள் வரவில்லை. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம், ஆசிரியர் பற்றாக்குறைக்கு விளக்கம் கேட்டு நம் மாநிலத்தின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மிஷின் இருந்தும் தேதி கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தில்தான் சென்டருக்கு நோயாளி பிடித்துக் கொடுக்கும் ஆள் வருகிறான். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை, கையில் ஒரு ஃபைல். "பெரியவரை இப்படி நிக்க வைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எங்கிருந்தோ வீல்சேர் கொண்டு வந்திருக்கிறான். அந்த வளாகத்தில் வீல்சேர் தள்ள ஆள் பிடிப்பது எவ்வளவு பாடு என்று போனவர்களுக்குத் தெரியும். பெரியப்பாவோடு போயிருந்த அண்ணன் 100 ரூபாய் நீட்டியபோது, "வேண்டாம்ணே, இதுக்கெல்லாம் காசா" என்று மறுத்துவிட்டான். அந்த 100 ரூபாயை வாங்கியிருந்தால் அண்ணன் சுதாரித்திருப்பார். வாங்காததால் நம்பிவிட்டார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டால் சென்டரில் கமிஷன் உண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

"காப்பீட்டு அட்டை இருக்குல்ல? எதிர்ல சென்டர்ல கார்டுலயே ஃப்ரீ. இன்னைக்கே எடுத்துடலாம்." உள்ளே போனதும் பேச்சு மாறியது. அட்டையை வாங்கி ஸ்கேன் செய்வது போலச் செய்துவிட்டு, "அப்ரூவல் வர லேட் ஆகும், இப்ப அட்வான்ஸ் கட்டுங்க, வந்ததும் திருப்பிப் போட்டுடுவோம்" என்றிருக்கிறார்கள். ஸ்கேனுக்கு 8,500. காண்ட்ராஸ்ட் ஊசிக்கு 3,500. காப்பீட்டு ஃபைல் சார்ஜ் 2,500. மொத்தம் 14,500 ரூபாய்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் திருப்பித் தருவது என்ற ஏற்பாடே கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, முழுக்கப் பணமில்லாச் சிகிச்சை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு காகிதங்களை ஏற்றும், காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி தரும், பிறகு சிகிச்சை, பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். நம் கை வழியாகப் பணம் போகவே போகாது. பரிசோதனைகளுக்கும் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அங்கீகாரம் பெற்ற இடத்தில், பரிந்துரையோடு. "முதல்ல கட்டுங்க" என்ற சொல் வந்தாலே அது காப்பீடு இல்லை. ஃபைல் சார்ஜ் என்று ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனை வளாகத்தில் அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையத்தில் சாதாரண எம்.ஆர்.ஐ. கட்டணமே 2,500 ரூபாய்தான்! இவர்கள் அதை ஃபைலைத் தொட்டதற்கு வாங்கியிருக்கிறார்கள்.

சரி, காசு வாங்கினார்கள், ஸ்கேனையாவது ஒழுங்காக எடுத்தார்களா? அண்ணன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். எடுத்திருப்பது இடுப்புப் பகுதி, எல்.எஸ். ஸ்பைன் மட்டும். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதலாம், இரண்டாம் கணு அருகிலேயே முடிந்துவிடுகிறது. கால் விறைத்து, சுத்தியலால் தட்டும்போது அளவுக்கு மீறி உதைத்தால் கோளாறு அதற்கு மேலே. டாக்டர் நெஞ்சுப் பகுதி முதுகை எழுதியது அதற்காகத்தான். இடுப்பை மட்டும் எடுத்தால் கால் மணி நேரத்தில் அடுத்த ஆளை ஏற்றலாம், அவ்வளவுதான் கணக்கு. ஃபிலிம் ஓரத்தில் காந்தச் சக்தி 0.3 டெஸ்லா என்று அச்சாகியிருக்கிறது. இந்த எண் குறைந்தால் படத்தின் தெளிவும் குறையும். பழைய திறந்த மிஷின். இப்போது முதுகுத்தண்டுக்கு 1.5 டெஸ்லா என்பது சாதாரணம்.

ஊசிக்கு 3,500 வாங்கினார்களே, ஊசி போடவே இல்லை. காண்ட்ராஸ்ட் போடுவதென்றால் முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு) பார்க்க வேண்டும், மருந்து ஏற்றக் கை நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் குத்த வேண்டும். அளவு கிலோவுக்கு 0.2 மில்லி, பெரியப்பாவின் 60 கிலோவுக்கு 12 மில்லி. ஊசிக்குப் பிறகு டி1 என்ற வகைப் படங்களை மறுபடி எடுக்க வேண்டும், அவற்றில் ரத்தக்குழாய்கள் வெளுத்துத் தெரியும். இங்கே டி1 வரிசை ஒன்றே ஒன்றுதான். பெரியப்பா கையில் பிளாஸ்திரிகூட இல்லை. படங்கள் பதிந்த சி.டி. தட்டும் தரவில்லை. ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்து இல்லை, பதிவு எண்ணும் இல்லை. "வயது சார்ந்த தேய்மானம்" என்று நாலு வரி. அறுபது தாண்டிய யார் படத்துக்கும் பொருந்தும் நாலு வரி.

பணத்தைக் கேட்கப் போனபோது நடந்தது இன்னும் கேவலம். முதலில் "அப்ரூவல் பெண்டிங்". அப்புறம் "சர்வர் டவுன்". பிறகு "கார்டுல ஆதார் லிங்க் ஆகல, அது உங்க தப்பு". "சார் மீட்டிங்ல இருக்கார்." கடைசியாக ரிசப்ஷன் பெண், "ஸ்கேன் எடுத்தாச்சே சார், அப்புறம் என்ன ரீஃபண்ட்?" அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நீல நாடா ஆள் போனை எடுப்பதில்லை. காப்பீட்டு உதவி எண்ணில் கேட்டால், இந்த அட்டைக்கு அனுமதி விண்ணப்பமே வரவில்லை என்கிறார்கள். ஆக, அட்டையை வாங்கியதே நாடகம்.

ஓ.பி. டாக்டர் அந்த ஃபிலிமைப் பார்த்துவிட்டு அன்றே அட்மிஷன் போட்டார். உள்நோயாளியாகச் சேர்ந்ததும் அவசர ஸ்கேன், காசு கட்டாமல், உள்ளேயே. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. இடையில் போன நாட்களுக்கும் அந்த 14,500 ரூபாய்க்கும் இதுவரை பதில் சொல்ல ஆளில்லை.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

கால் பலவீனத்தோடு மூத்திரம் அல்லது மலம் கட்டுப்பாடு போனால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அது அவசர கேஸ், அட்மிஷன் கேளுங்கள். கவுன்டரில் காது கொடுக்காவிட்டால் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்) அறைக்குப் போங்கள்.

காப்பீடு பற்றி யார் என்ன சொன்னாலும் வளாகத்துக்குள் இருக்கும் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள், அல்லது 1800 425 3993. காசு கட்டும் முன் கேளுங்கள்.

வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால் சீட்டில் உள்ள பகுதிப் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எத்தனை டெஸ்லா என்று கேளுங்கள். சி.டி.யும் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டும் வாங்காமல் நகராதீர்கள்.

ஏமாந்துவிட்டால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார், நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பில் தெர்மல் பேப்பரில் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், எங்களுடையதில் 3,500 என்ற வரி ஏற்கெனவே பாதி அழிந்துவிட்டது.