நாலு ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு நெக்கை ஒட்டிய கதை: ஒரு கிட்டார் கிட் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்டை, அதாவது நாமே சேர்த்துக்கொள்ள உதிரிப் பாகங்களாக வரும் கிட்டாரை வாங்கி, பெட்டியில் இருக்கும் தாளில் சொன்னபடி நாலு ஸ்க்ரூ முடுக்கினால் கிடைப்பது ஒரு சுமாரான எலக்ட்ரிக் கிட்டார். அந்தக் காசுக்குக் கடையில் தயாராகவே இதைவிட நல்லது கிடைக்கும். நான் அப்படிச் செய்யவில்லை, நெக்கை (கம்பிகளை அழுத்தி வாசிக்கும் நீளமான கழுத்து) பாடியோடு கோந்து வைத்து ஒட்டிவிட்டேன். முதல் தடவையாகக் கிட்டார் செய்கிறவன் தொடக்கூடாத வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். பாதி சரிதான்.

யாரிடம் வாங்கினேன் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் ஆன்லைனில் கிட்டத்தட்ட இதே பெட்டி பல பெயர்களில் விற்கிறது. கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார் வடிவம், 628 மில்லிமீட்டர் ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), மேப்பிள் நெக், இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்), நாலு குமிழ், பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ். பாடி மஹோகனி என்று போட்டிருக்கிறது. இளஞ்சிவப்பாக ஏதோ ஒரு மரம், மஹோகனி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 14,000 ரூபாய் ஆனது. அப்புறம் கோந்து, கிளாம்ப், நல்ல உளி ஒன்று, பாலிஷ் என்று இன்னொரு ஐயாயிரம் தானாகவே போனது.

ஏன் ஒட்ட வேண்டும்? கிப்சன் 1952-இல் லெஸ் பாலைக் கொண்டு வந்தபோது நெக்கை ஒட்டித்தான் கொடுத்தது, மாண்டலின் செய்து பழகிய கம்பெனிக்கு அதுதான் வழக்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஃபெண்டர் என்ற கம்பெனி நெக்கை ஸ்க்ரூவில் மாட்டி விற்க ஆரம்பித்திருந்தது. செய்வதும் சுலபம், கெட்டுப் போனால் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கிட் செய்கிறவர்கள் மலிவுக்காக இரண்டையும் கலந்துவிட்டார்கள்: உருவம் லெஸ் பால், மூட்டு ஃபெண்டர். அதனால் நெக் பாடியில் சேரும் இடத்தில் செங்கல் மாதிரி ஒரு சதுரக் கட்டை, அதன் மேல் இரும்புத் தகடு. என் கை சின்னது, பதினேழாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) போனாலே உள்ளங்கை அந்தத் தகட்டில் இடிக்கும். அதை இழைத்து உருட்ட வேண்டுமென்றால் ஸ்க்ரூவும் தகடும் போயாக வேண்டும்.

ஒட்டினால் நாதம் நீண்டு ஒலிக்கும் என்றும் சொல்வார்கள், நானும் நம்பித்தான் இறங்கினேன். ஸ்க்ரூவில் மாட்டி ஒரு வாரம் வாசித்து போனில் பதிவு செய்தேன், ஒட்டிய பிறகு அதே கம்பி, அதே ஆம்ப் வைத்து மறுபடி பதிவு செய்தேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. நீளும் நாதத்துக்காக ஒட்டப் போகிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடலாம். கைக்கு இதமாக இருப்பதற்காக என்றால் மேலே படியுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது ட்ரஸ் ராடின் (நெக்குக்குள் இருந்து அதை நேராக வைக்கும் இரும்புத் தண்டு) திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. சில நெக்குகளில் அது அடிப்பக்கம், பாடிக்குள் போகும் முனையில் இருக்கும். அதை ஒட்டினால் திருகு மரத்துக்குள் புதைந்துவிடும், பிறகு நெக் வளைந்தால் நேராக்க வழியே இல்லை. என்னுடையதில் தலைப்பக்கம் இருந்தது, தப்பித்தேன்.

இனி கிட்டின் குறைகள். நெக் உட்காரும் குழிக்குள்ளேயும் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்து அனுப்பியிருக்கிறார்கள். மரக்கோந்து மரத்தின் நாருக்குள் இறங்கித்தான் பிடிக்கும், சீலர் மேல் தடவினால் படிந்து உட்கார்ந்திருக்குமே தவிரப் பிடிக்காது. ஸ்க்ரூ போடுகிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை என்பதால் விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் உளியால் சுரண்டி வெறும் மரத்துக்குக் கொண்டு வர எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

அடுத்தது மன்னிக்க முடியாதது. பிரிட்ஜுக்கான ஓட்டைகளை முன்பே போட்டு அனுப்பிவிட்டார்கள், ஆனால் அளவு தவறு. நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 314 மில்லிமீட்டர், அங்கிருந்து பிரிட்ஜ் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டு) வரை அதே 314-உம் அதோடு ஒன்றிரண்டு மில்லிமீட்டரும் வர வேண்டும். நெக்கைக் குழியின் கடைசி வரை தள்ளினால் சேடிலை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் 313 தாண்டவில்லை. அப்படியே விட்டால் மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் ஏறி ஒலிக்கும், எந்த ட்யூனராலும் சரி செய்ய முடியாது. விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன், "சார், எல்லாக் கிட்டும் செக் செய்துதான் அனுப்புகிறோம்" என்று பதில் வந்தது. சரி, ஒட்டப் போகிறவனுக்கு இதில் ஒரு வசதி, நெக்கை மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து, குழியின் முனையில் அதே கனத்துக்கு ஒரு மரச் சில்லு வைத்து அடைத்துவிட்டேன்.

கோணம் பெரிய தலைவலி. இந்த வகை பிரிட்ஜ் பாடிக்கு மேலே உயரமாக நிற்கும், அதனால் நெக் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், லெஸ் பாலில் நாலு டிகிரியை ஒட்டி இருக்கும். ஃப்ரெட்டுகளின் மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது, பிரிட்ஜை அடியோடு இறக்கியும் சட்டம் அதன் தலைக்கு நாலு மில்லிமீட்டர் கீழே போய் முட்டியது. அப்படியே கம்பி மாட்டினால் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எலி ஓடும். கணக்குப் போட்டால் ஒரு டிகிரிக்கே பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் மாறுகிறது, ஆக எனக்கு வேண்டியது ஒரே ஒரு டிகிரி: பிரிட்ஜ் பக்கம் ஒன்றேகால் மில்லிமீட்டர், வெளி விளிம்பில் பூஜ்யம் என்று சரியும் ஒரு மெல்லிய ஆப்பு.

அந்த ஆப்பை உப்புத்தாளில் தேய்த்துச் செய்யப் பார்த்து இரண்டு மாலை வீண். கடைசியில் தெருமுனையில் மரக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். தேக்கில் செய்து தருகிறேன் என்றார், தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கிறதே, கோந்து பிடிக்குமா என்று நான் இழுத்ததும் சிரித்துவிட்டு மஹோகனித் துண்டு ஒன்றை எடுத்து இழைப்புளியில் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "கோந்து இல்லாம மூணு தடவ மாட்டிக் கழட்டிப் பாரு தம்பி, கோந்து வச்சப்புறம் யோசிக்க நேரம் கெடையாது" என்றார். இந்தக் கிட்டோடு வந்த தாளில் இருந்த எதையும்விட இது பயன்பட்டது.

மூன்று தடவை இல்லை, ஏழு தடவை மாட்டிக் கழற்றினேன். பழைய ஸ்க்ரூ ஓட்டைகளில் மரக்குச்சி அடித்து அடைத்தேன். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இரண்டு ஓரத்திலும் வெள்ளை நூல் கட்டி, ஃபிங்கர்போர்டின் (ஃப்ரெட் பதித்த பலகை) இரண்டு விளிம்பிலும் ஒரே இடைவெளி வருகிறதா என்று பார்த்தேன். கோந்து டைட்பாண்ட் ஒரிஜினல். வீட்டில் ஃபெவிகால் இருந்தது, அலமாரிக்கு அதைத்தான் நானும் நம்புவேன், ஆனால் ஆறு கம்பியும் சேர்ந்து இரவு பகலாகச் சுமார் 45 கிலோ இழுக்கிற மூட்டில் மெதுவாக இளகிக் கொடுக்காத, நன்றாக இறுகிக் காயும் கோந்து வேண்டும். பின்னால் அவசியம் வந்தால் சூடும் நீராவியும் காட்டி இதைப் பிரிக்கவும் முடியும். நீர் தாங்கும் டைட்பாண்ட் 3-ஐ அதனால்தான் தொடவில்லை. தடவிய பிறகு கையில் இருப்பது ஐந்து நிமிடம், சென்னை மே மாதத்தில் அதுகூட இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க வேலை செய்தேன். ஃப்ரெட் நசுங்காமல் கார்க் ஒட்டிய கட்டை வைத்து இரண்டு கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. அன்றைக்கு இரவு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

பிறகு அந்தச் செங்கல்லை அரத்தால் உருட்டியதுதான் இந்த மொத்த வேலையிலும் சந்தோஷமான பகுதி. கொஞ்சம் அராவு, பிடித்துப் பார், மறுபடி அராவு. இப்போது இருபதாவது ஃப்ரெட் வரை கை இடிக்காமல் போகிறது.

பாலிஷ் அரக்கில் செய்தேன், ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியில் நனைத்துத் தேய்க்கும் அதே பழைய முறை. ஈரக்காற்று உள்ள நாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், எனக்கு முதுகுப் பக்கம் ஒரு முறை பூத்து, வெயில் நாள் வரை காத்திருந்து மறுபடி அடித்தேன்.

எலக்ட்ரிக் பகுதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹம்பக்கர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. கூட வந்த குமிழ்கள் திருகும்போது கரகரத்தன, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 470கே (470 கிலோ-ஓம்) குமிழ் நாலு வாங்கி மாற்றினேன். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை மறந்தால் இரைச்சல் காதைத் துளைக்கும்.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், கிட்டாருக்கு இரண்டரை, மரமும் உளியும் பழகக் கிடைத்த சாக்குக்கு நாலரை. ஸ்கேல் கையில் எடுத்து அளக்கப் பொறுமை இல்லாதவருக்கு வேண்டாம். வாங்குகிறவர்கள் பிரிட்ஜ் ஓட்டை போடாத பாடி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. எனக்கு இன்னும் ஜி கம்பி நட்டில் சிக்கி டிங்கென்று சத்தம் போடுகிறது, அதற்கு ஒரு மெல்லிய அரம் ஆர்டர் போட்டிருக்கிறேன், வரும் வெள்ளிக்கிழமை வருகிறதாம்.