ஆறு வருடம், 63,000 கிலோமீட்டர்: மீட்டர் சொன்னதும் மைல்கல் சொன்னதும்

மச்சான் போன வாரம் போன் செய்தான். "மாமா, உங்க வண்டியையே நானும் எடுத்துடலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு?" இன்ஜின், ஏசி, சஸ்பென்ஷன் எதிலும் எனக்குக் குறையே இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் பேசினேன். முழுக்க மீட்டரைப் பற்றித்தான்.

2019 டிசம்பரில் எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக். அந்த ஜூலையிலிருந்து தயாரான எல்லாக் கார்களையும் போல இதிலும் வேக எச்சரிக்கை உண்டு. 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு அடிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 75 என்கிறது. பின்சீட்டில் அம்மா, "திரும்பவும் அடிக்குதே, மெதுவாப் போப்பா" என்று பதறுவார். உண்மையான 80-ல் ஒருநாளும் அவர் நிம்மதியாக உட்கார்ந்து வந்ததில்லை.

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஆம்பூர் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போது கிலோமீட்டர் கற்களை வைத்துப் பார்த்தோம். மீட்டர் முள்ளை 100-லேயே நிறுத்தி நான் ஓட்ட, மகள் ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 36 விநாடி. எங்களுக்குச் சராசரியாக 38.3 வந்தது. அதாவது 94.

அதே பயணத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. 50 கற்கள் கடந்தபோது ஓடோமீட்டர், அதாவது ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர், 50.4 காட்டியது. தேய்ந்த டயரில்! சந்தோஷத்தில் மகளிடம் இரண்டு முறை சொன்னேன். வேகத்தில் ஆறு சதவீதம் தப்புகிற வண்டி, தூரத்தில் ஒரு சதவீதம்கூடத் தப்பவில்லை.

காரணம் எளிது. சக்கரத்திலுள்ள சென்சார் அனுப்பும் துடிப்புகளை எண்ணித்தான் வேகம், தூரம் இரண்டும் வருகின்றன. தூரத்தை அப்படியே எழுதுகிறார்கள், வேகத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டிவிடுகிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குவிதி 39 இதற்கு இடம் கொடுக்கிறது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டினால், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரை போகலாம். உண்மையில் 80-ல் போனால் 92 வரை காட்டலாம். டயர் புதிதாக இருந்தாலும், காற்று கூடினாலும் மீட்டர் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சர்வீஸ் சென்டரில் கேட்டால், "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறது என்று மேனுவலில் ஒரு வரி போட்டால் என்ன?

62,000-ல் டயர் மாற்றினேன். கம்பெனி அளவு 185/65 ஆர்15. கடைக்காரர், "195 போடுங்க சார், கிரிப் நல்லா இருக்கும்" என்றார். போட்டேன். புது அளவு விட்டத்தில் இரண்டு சதவீதம் பெரியது, பழைய டயர் தேய்ந்து சிறுத்திருந்தது வேறு. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், சுற்றை மட்டும் எண்ணும் மீட்டருக்கு அது தெரியாது. இப்போது மீட்டர் 100 காட்டினால் உண்மை வேகம் 97-க்கு மேல். எச்சரிக்கையும் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் அடிக்கிறது. ஆறு வருட எரிச்சல் ஒரே நாளில் போயிற்று.

ஆனால் ஓடோமீட்டர் கெட்டது. 50 கற்களுக்கு 48.6 தான் காட்டுகிறது. ஃபுல் டேங்க் கணக்கில் மைலேஜ் 18.2-லிருந்து 17.4-க்கு இறங்கியதும் பெரிய டயர் பெட்ரோல் குடிக்கிறது என்று இரண்டு மாதம் கவலைப்பட்டேன். தூரத்தைக் கற்களின் கணக்குக்குத் திருத்திப் போட்டால் முன்பு 18.05, இப்போது 17.9. குடிக்கவில்லை, தூரம்தான் குறைந்து விழுகிறது. இனி சர்வீஸும் தள்ளிப்போகும், விற்கும்போது வாங்குகிறவருக்கும் நான் தெரிந்தே குறைத்துச் சொன்னதாகும். ஓடோமீட்டர் சின்ன விஷயம் இல்லை. அது கூட்டிக் காட்டுகிறது என்று அமெரிக்காவில் நடந்த வழக்கில், ஹோண்டா சுமார் 60 லட்சம் கார்களுக்கு வாரண்டி தூரத்தை 5 சதவீதம் நீட்டித் தர வேண்டியிருந்தது.

அடுத்த முறை 185-க்கே திரும்பிவிடுவேன். அம்மாவுக்கு மறுபடியும் 75-லேயே சத்தம் கேட்கும். பரவாயில்லை, தூரம் சரியாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மச்சானிடம், "இந்த வண்டி வேண்டாம், வேற பாரு" என்றேன். ஓடோமீட்டரை வாயாரப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று அவன் குழம்பினான். வேறு கார்களும் கூட்டித்தான் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், உண்மை வேகம் தெரிந்தே அதை மறைக்கிற மீட்டரை என் வாயால் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. எந்த வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுத்தாலும் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஜிபிஎஸ்ஸைப் பார்த்துச் சொல்லச் சொல் என்றேன். சனிக்கிழமை போகிறான், பக்கத்து சீட்டில் நான்.