புகை விட வைக்கும் ட்ரெயினிங்: ரொம்ப நாள் பயன்படுத்திய பிறகு

கூடலூரில் நர்ஸாக இருக்கும் தோழி ஒருத்தி, "அக்கா, பீடி சிகரெட்டை விட வைக்கிறதுக்கு நமக்கு ட்ரெயினிங் தர்றாங்களாமே, நீங்க போனீங்கல்ல, நான் போகட்டுமா?" என்று கேட்டிருந்தாள். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் கவாத்து வேலைக்குப் போகும் ஒரு அண்ணன், பீடியை விடுவதற்காக மெல்லும் நிகோடின் கம் (சூயிங்கம்) அட்டையில் ஒன்றை மட்டும் பிய்த்துவிட்டு மிச்சத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். "காரம் தாங்கலை சிஸ்டர், விக்கல் நிக்கவே மாட்டேங்குது, இதுக்கு பீடியே தேவலை."

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சுக்கொடுக்கச் சொல்லித்தரும் பகுதி அருமை. எத்தனை பீடி என்பதோடு நிற்காமல், "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" என்று கேட்கச் சொன்னார்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்வி இன்றுவரை கைகொடுக்கிறது. எண்ணிக்கையை எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள், இதில் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் நன்றாக வேர்விட்டிருக்கிறது, 2 மில்லிகிராம் கம் பத்தாது, 4 வேண்டியிருக்கும் என்று டாக்டரிடம் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தக் கம் விஷயத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு. ஒரு அட்டையைக்கூடக் கையில் கொடுத்துக் காட்டவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரில் ஆட்கள் அதை பபிள்கம் மாதிரி கடகடவென்று மென்று எச்சிலை விழுங்குகிறார்கள். நிகோடின் கன்னத்துச் சதை வழியாக ஏற வேண்டியது, வயிற்றுக்குப் போனால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான். மெதுவாக மென்று, சுள்ளென்று காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் ஓடும். முதல் கம்மை நான் இப்போது என் முன்னாலேயே போட வைக்கிறேன். "ஏறுதாண்ணா? அப்படியே நிறுத்துங்க, இந்தப் பக்கம் அதக்குங்க." புகையிலை அதக்கிப் பழகியவர்களுக்கு மட்டும் சொல்லித்தரவே வேண்டியதில்லை, சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும்.

அப்புறம் டீ. கம் போடுவதற்கு முன் கால் மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, காபி மாதிரிப் புளிப்புத்தன்மை உள்ளதைக் குடித்திருந்தால் நிகோடின் சரியாக ஏறாது. குன்னூர்க் குளிரில், டீக்கும் பீடிக்கும் நடுவே இடைவெளியே விடாத மனிதரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! சமவெளியில் தயாரித்த பாடத்தில் எங்கள் டீக்கு இடமில்லை.

தொடர்ந்து விசாரி என்கிறார்கள். மஞ்சூர்ப் பக்கத்து ஆள் இதற்கென்று பஸ் ஏறி வரமாட்டார். அதனால் புகையிலையை விட உதவும் 1800-112-356 என்ற இலவச போன் எண்ணைக் காட்டிவிடுகிறேன், 2018லிருந்து பீடி, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள், தமிழிலும் பேசுவார்கள்.

ஐந்துக்கு இரண்டு மார்க், அதுவும் அந்தக் காலைக் கேள்விக்காக. அடுத்த பேட்ச்சுக்கு நான் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன், நீயும் கொடு. வரும்போது மெடிக்கலில் ஓர் அட்டை கம் வாங்கி வா, அந்த ஸ்லைடு வரும்போது கையைத் தூக்குவோம்.