எம்எல்4000, எஸ்டி45: எண்ணெயா, மின்சாரமா?

1960களில் அமெரிக்கச் சரக்கு ரயில்களுக்குக் குதிரைசக்தி போதவில்லை. சதர்ன் பசிபிக், ரியோ கிராண்ட் என்ற இரண்டு ரயில் கம்பெனிகளும் ஜெர்மனியின் ரயில் எஞ்சின் தயாரிப்பாளரான கிராவுஸ்-மாஃபையிடம் போயின. 1961இல் எம்எல்4000 என்ற டீசல் ரயில் எஞ்சின் வந்து இறங்கியது, முதலில் ஆளுக்கு 3.

ஒரே கூட்டுக்குள் 2 மேபாக் எஞ்சின்கள், மொத்தம் 4,000 குதிரைசக்தி. மின்மோட்டாரே கிடையாது. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது எண்ணெயைத் தள்ள, எண்ணெய் எதிரே உள்ள டர்பைனைச் சுற்றும். அங்கிருந்து தண்டுகள் வழியாகச் சக்கரத்துக்கு. ஒரு போகியின் (வண்டிக்கு அடியில் உள்ள சக்கரச் சட்டம்) சக்கரங்கள் எல்லாம் பிணைந்திருப்பதால் ஒன்று மட்டும் வழுக்கிச் சுழலாது. பிடிமானத்தில் இதை அடிக்க ஆளில்லை என்பேன்.

1965இல் வந்த எஸ்டி45, அமெரிக்க ரயில் எஞ்சின் கம்பெனியான ஈஎம்டியின் தயாரிப்பு. இது டீசல்-மின்சார வகை: டீசல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, அதில் ஓடும் மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றும். 20 சிலிண்டர், 3,600 குதிரைசக்தி, அச்சுக்கு ஒரு மோட்டார். இதிலும் ஆரம்பத்தில் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. முழு யோக்கியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒர்க்‌ஷாப்காரருக்குப் பழகிய வண்டி. ஜெர்மன் வண்டியோ மலைச் சுரங்கத்தில் சூடான, மெலிந்த காற்றை இழுத்துத் திணறியது. பழுது பார்ப்பதும் பெரும்பாடு. ரியோ கிராண்ட் தன்னுடையதை 1964இல் சதர்ன் பசிபிக்கிடமே விற்றுவிட்டது.

அப்புறம் கணக்கைப் பாருங்கள்: எம்எல்4000, பிறகு வந்ததையும் சேர்த்து, அமெரிக்காவுக்கு வந்தது 21. எஸ்டி45 1,200க்கு மேல். நான் வாங்கியிருந்தாலும் எஸ்டி45தான், மனசு மட்டும் அந்த எண்ணெய் வண்டியிடம். அதில் ஒன்று, 9010 எண் வண்டி, ஓட்டுநர் பயிற்சிக்குப் படமெடுக்கும் கேமரா வண்டியாகி, இப்போது கலிபோர்னியாவின் நைல்ஸ் கேன்யனில் இருக்கிறது.