பற்றுநூல் கிழியாமல் வீடு வந்த மட்டி: ஒரு கடை, ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் வீட்டுக்குள் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ராட்சத மட்டி எனும் கடற்சிப்பி கிடைப்பது அரிதன்று. கிடைத்ததைச் சில மாதங்கள் தாண்டி உயிருடன் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. என் முதல் மட்டி பதினொரு நாளில் இறந்தது. அதை விற்ற கடையின் பணியாளர் பாறையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கியபோது, ஓட்டின் அடியில் வெளிறிய சதைத்துணுக்கு ஒன்று தொங்கியதை நான் கண்ணால் பார்த்தும் விவரம் புரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். பாறையைப் பற்றிக்கொள்வதற்கான நூல்களைச் சுரக்கும் உறுப்பு அது. அது கிழிந்தால் மட்டி தேறுவது அபூர்வம். ஆகவே, சென்ற ஆண்டு தீவின் வடகிழக்கில் உள்ள இன்னொரு கடைக்குப் போனபோது, விலைச்சீட்டைவிடக் கடைக்காரரின் கையைத்தான் அதிகம் கவனித்தேன்.

நான் தேர்ந்தெடுத்தது எட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மாக்ஸிமா வகை மட்டி. நீலமும் கறுப்புமாகப் புள்ளியிட்ட அதன் மேன்டில் எனும் சதை மடிப்பு ஓட்டின் விளிம்பைத் தாண்டி விரிந்திருந்தது. கையை விளக்கிற்குக் குறுக்கே நீட்டி நிழல் விழச் செய்ததும் சட்டென்று சுருங்கியது. ஓட்டின் ஓரத்தில் புது வளர்ச்சியைக் காட்டும் வெண்ணிறக் கோடும் தெரிந்தது. அது தட்டோடு ஒட்டியிருந்ததால், கடைக்காரர் மெல்லிய பிளேடு ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே ஓட்டுக்கும் தட்டுக்கும் இடையே நுழைத்து, நூல்களை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தார். “இழுத்தா செத்துரும் அண்ணே, அறுத்தா திரும்ப நூல் விட்டுக்கும்” என்றார். பையையும் தண்ணீருக்குள் அமிழ்த்தியே மட்டியை உள்ளே இட்டார். இந்த ஐந்து நிமிடப் பொறுமைக்காகவே கடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

மட்டியோடு அவர்கள் தரும் அச்சிட்ட தாளில் மட்டியைப் புதுத் தொட்டி நீருக்குப் பழக்கும் முறை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்த பிறகு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது கடை நீரின் அடர்த்தி 1.023 ஆகவும் என் தொட்டியின் அடர்த்தி 1.026 ஆகவும் இருந்ததால், அந்த ஒரு மணி நேரம் வீண்போகவில்லை. ஆனால் இந்த அறிவுரை உள்ளூர் வாங்கலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைத் தாளில் சேர்த்திருக்கலாம். விமானத்தில் ஒரு நாள் முழுவதும் பைக்குள் அடைபட்டு வந்த உயிரினமென்றால், பை நீரில் அமோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறும்போது அந்த அமோனியாவின் நச்சுத்தன்மை கூடும். அத்தகைய நிலையில் மணிக்கணக்கில் சொட்டவிடுவது நன்மையைவிடத் தீங்கையே செய்யும்.

தொட்டிக்கு மாற்றும்போது மட்டியை நீருக்குள் மெல்லச் சாய்த்து, உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும் என்பதையும் தாளே சொல்கிறது. உள்ளங்கையளவு தட்டைக்கல்லை மணலில் பதித்து அதன்மேல் மட்டியை வைத்தேன். மூன்றாம் நாள் லேசாகத் தொட்டுப் பார்த்தபோது அது கல்லைப் பற்றியிருந்தது. இனி இடம் மாற்றுவதானால் கல்லோடு தூக்கினால் போதும்.

கடையின் பெருங்குறை வெளிச்சம் பற்றிய ஆலோசனைதான். மாக்ஸிமாவுக்கு வலுவான ஒளி தேவை என்பதால், முதல் நாளே பாறையின் உச்சியில் வைக்கும்படி கூறினார்கள். மட்டியின் சதைக்குள் வாழும் பாசிகளே ஒளியிலிருந்து அதற்கு உணவு சமைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கடையின் மங்கலான தொட்டிக்குப் பழகிய பாசிகளைத் திடீரென்று கடுமையான எல்இடி விளக்கின் கீழ் தள்ளினால், அவை வெளியேறி மட்டி வெளுத்துப்போகும். பாசிகளுக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரை நான் இரவல் வாங்கிப் பார்த்தபோது, மணல்மட்டத்தில் 110 காட்டியது. அங்கே பத்து நாள் வைத்துவிட்டு, நான்கு வாரங்களில் படிப்படியாக 250 வரை உயர்த்தினேன். கடையின் சொல்லைக் கேட்டிருந்தால் இரண்டாவது மட்டியையும் இழந்திருப்பேன்.

இன்னொரு குறை, ஒட்டுண்ணி பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. அரிசிமணி அளவே இருக்கும் பிரமிடெல்லிட் நத்தைகள் பகலில் ஓட்டின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் மேன்டிலின் ஓரத்தில் ஏறி உறிஞ்சும். முதல் வாரம் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு அகப்பட்டன. மென்மையான பல்துலக்கியால் ஓட்டின் மடிப்புகளைத் தேய்த்து, ஜெல்லி போன்ற முட்டைத் திட்டுகளையும் அகற்றினேன். விற்பதற்கு முன் கடையே செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஆவணங்களில் குறை சொல்ல இடமில்லை. ராட்சத மட்டிகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. பண்ணையில் வளர்த்ததற்கான இறக்குமதி அனுமதியைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். சென்னையில் இருக்கும் மைத்துனர் தமக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மாக்ஸிமாவின் பெயரே இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

விலை 130 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஏழு நாள் உத்தரவாதம் தருகிறார்கள். காயம்பட்ட என் முதல் மட்டியே பதினொரு நாள் தாக்குப்பிடித்தது என்பதால், அது போதாது. புதிதாகத் தொட்டி அமைத்தவர்கள் இதே கடையில் மாக்ஸிமாவை விட்டுவிட்டு டெராசா வகையைக் கேட்கலாம். குறைந்த ஒளியையும் அது பொறுத்துக்கொள்ளும், மணலிலேயே இருக்கும், ஐம்பது வெள்ளி மலிவாகவும் கிடைக்கிறது. என் மட்டிக்கு இப்போது ஒன்பதரை சென்டிமீட்டர்.