காய்ச்சல் வரும் ஊசியா, வராத ஊசியா?

பென்னாகரம் பக்கத்தில் என் தங்கையின் குழந்தைக்கு 6 வாரம் ஆனதும் வீட்டில் ஒரே பேச்சு: புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் இலவசத் தடுப்பூசியா, தருமபுரி டவுனில் தனியாரிடம் கிடைக்கும் 'பெயின்லெஸ்' ஊசியா?

முதலாவது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் தரக்கூடிய ஹிப் கிருமி என ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. 6, 10, 14 வாரங்களில் போடுவார்கள். 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் இது முதலில் வந்ததே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். குறை, காய்ச்சல். கக்குவான் கிருமியைக் கொன்று முழுதாகவே சேர்ப்பதால் உடம்பு பலமாக எதிர்வினை காட்டும். தொடை வீங்கும், ஓரிரு இரவு தூக்கம் போகும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தனியார் ஊசியில் கக்குவான் கிருமியின் சில கூறுகள் மட்டும். அதனால் காய்ச்சல் குறைவு. போலியோ மருந்தும் அதிலேயே சேர்ந்து வரும் வகை உண்டு, குத்தும் குறையும். (வலியே இல்லை என்பது பேருக்குத்தான். ஊசி ஊசிதானே!) ஆனால் ஒரு தவணைக்கே ஆயிரக்கணக்கில் பணம்; கக்குவானுக்கு எதிரான காப்பும் சீக்கிரம் தேய்கிறது.

சரி, நிமோனியா தடுப்பூசி? அதற்காகத் தனியாரிடம் போன காலம் உண்டு. 2021 முதல் இங்கே அரசிலும் இலவசம்.

நாங்கள் சுகாதார நிலையத்துக்கே போனோம். காசு மட்டும் காரணமில்லை. தவணை தவறினால் நர்ஸம்மா வீடு தேடி வந்துவிடுவார். அன்று இரவு குழந்தை விடிய விடிய அழுதது. தங்கை இன்னும் என்னைத்தான் திட்டுகிறாள்.