எலக்ட்ரானா, டௌரியா: நேட்டிவ் மாட்யூல் உள்ள மென்பொருளைப் பொதியாக்குதல்

மின்னணுத் தராசிலிருந்து எடையைப் படித்து, ரசீது போட்டு, கணக்கை அந்தக் கணினியிலேயே சேமிக்கும் ஒரு மென்பொருளை விண்டோஸ், மேக்ஓஎஸ், உபுண்டு மூன்றுக்கும் தருகிறோம். எலக்ட்ரானும் டௌரியும் இணையப் பக்க நுட்பங்களால் கணினி மென்பொருள் செய்ய உதவும் கட்டமைப்புகள். சில ஆண்டுகள் எலக்ட்ரானில் ஓடிய எங்கள் மென்பொருளை நான் டௌரிக்கு மாற்றினேன். ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு அன்று, மாறியவனின் கணக்கு.

நிறுவிக் கோப்பின் அளவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எலக்ட்ரான் குரோமியம் உலாவியையும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடையும் முழுதாகச் சுமந்து வருவதால் நிறுவி நூறு எம்பியை நெருங்குகிறது. டௌரி இயங்குதளத்தின் வெப்வியூவையே (மென்பொருளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதி) பயன்படுத்துவதால் எங்களுடையது பத்து எம்பிக்குள் அடங்கிவிட்டது. இரண்டிலுமே மேக் நிறுவியை மேக்கிலும் விண்டோஸ் நிறுவியை விண்டோஸிலும் உருவாக்குவதே நிம்மதி. மேக் மென்பொருளுக்கு டிஜிட்டல் கையொப்பமிட ஆப்பிளுக்குக் கட்டும் ஆண்டுச் சந்தா 99 டாலரும் இரண்டுக்கும் பொது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தராசின் சீரியல் போர்ட்டைத் திறக்கும் மாட்யூலும், எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைக் கையாளும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 மாட்யூலும் சி++ கலந்த நேட்டிவ் மாட்யூல்கள், அதாவது இயந்திர நிரலாகக் கம்பைல் செய்யப்படுபவை. முதலாவது நோட்-ஏபிஐ என்னும் நிலையான இடைமுகத்தின் மேல் நிற்பதால் பதிப்பு மாறினாலும் அசைவதில்லை. இரண்டாவது வி8 என்னும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினோடு நேரடியாகப் பேசுவதால், எலக்ட்ரானின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் அதை மீண்டும் கம்பைல் செய்தாக வேண்டும். எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்றுக்கு மட்டுமே திருத்தங்கள் கிடைக்கின்றன என்பதால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றிலேயே தங்க முடியாது. 33ஆம் பதிப்பில் நேட்டிவ் மாட்யூல்களுக்கு சி++20 கட்டாயமானபோது, பழைய கம்பைலர் வைத்திருந்த எங்கள் லினக்ஸ் பில்ட் இயந்திரத்தையே மாற்ற நேர்ந்தது.

இதைவிட நுணுக்கமான தொல்லை ஒன்று உண்டு. எங்கள் சோதனைகள் சாதாரண நோட் 20இல் ஓடின. அதன் மாட்யூல் எண், அதாவது கம்பைல் ஆன மாட்யூல் எதோடு பொருந்தும் என்று காட்டும் எண், 115. எலக்ட்ரான் 30க்குள் இருப்பதும் நோட் 20தான், ஆனால் அங்கே எண் 123. பில்ட் கோப்புறையில் இருப்பதோ கம்பைல் ஆன மாட்யூலின் ஒரே ஒரு கோப்பு. சோதனைக்காகக் கம்பைல் செய்தால் மென்பொருளுக்கானது அழியும், மென்பொருளுக்காகச் செய்தால் சோதனைக்கானது அழியும். பொதியாக்கும்போது தானாகவே மறுபடி கம்பைல் செய்யும் வசதியை, நேரம் மிச்சமாகட்டும் என்று நானே அணைத்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சோதனைகளை ஓட்டிய கையோடு நிறுவியை உருவாக்கி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை கடை திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரை. பதிவுக் கோப்பில் 115, 123 என்று இரண்டு எண்களைச் சொல்லும் ஒரே ஒரு பிழை வரி.

டௌரியில், ரஸ்ட் மொழியிலிருந்து எஸ்க்யூலைட்டைக் கையாளும் ரஸ்க்யூலைட் நூலகத்தின் 'பண்டில்ட்' அம்சத்தை இயக்கினால், எஸ்க்யூலைட்டின் சி நிரல் எங்கள் ரஸ்ட் நிரலோடு சேர்ந்தே கம்பைல் ஆகி ஒரே இயக்கக் கோப்புக்குள் போய்விடுகிறது. எண் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. வெப்வியூ எந்தப் பதிப்புக்கு மாறினாலும் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. மேக்கில் தனியே கையொப்பமிட வேண்டிய துணைக் கோப்புகளும் இல்லாமல் போயின. அங்கே எங்கள் பயனர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால், மேக் பற்றிய என் சொல்லுக்கு எடை குறைவு.

டௌரிக்கும் விலை உண்டு. விண்டோஸுக்கான வெப்வியூவான வெப்வியூ2, விண்டோஸ் 11இல் உடன் வருகிறது. இணையம் இல்லாத பழைய கணினிக்கு அதை நிறுவியோடு சேர்த்துக் கொடுத்தால் ஏறக்குறைய 127 எம்பி கூடுகிறது, அளவில் பெற்ற ஆதாயம் அங்கேயே கரைந்துவிடுகிறது. லினக்ஸில் டௌரி 2 வெப்கிட்ஜிடிகே 4.1 என்னும் வெப்வியூ நூலகத்தைக் கேட்கிறது, உபுண்டு 20.04 வைத்திருந்தவர்களுக்கு 22.04க்கு ஏறுவதைத் தவிர வேறு வழி சொல்ல முடியவில்லை. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியால் வரும் சிக்கலை மட்டும் டௌரியின் தலையில் போடக் கூடாது: உபுண்டு 24.04இல் உருவாக்கியது 22.04இல் ஓட மறுப்பது நேட்டிவ் நிரல் எதற்கும் நேரக்கூடியதே, ஆகவே ஆதரிக்கும் பதிப்புகளில் மிகப் பழையதில் உருவாக்க வேண்டும். குரோமியத்தில் சரியாகத் தெரிந்த எங்கள் அட்டவணைத் தலைப்பு வெப்வியூவின் வெப்கிட்டில் நகர்ந்து நின்றதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு நாள் போயிற்று.

அச்சில்தான் எலக்ட்ரான் தெளிவாக முந்துகிறது. உரையாடல் பெட்டி திறக்காமல் நேரே அச்சடிக்கும் வசதி அதில் ஓர் அமைப்பு மட்டுமே. டௌரியின் வெப்வியூ அச்சோ பெட்டியைத் திறந்துகாட்டுகிறது. ரசீது அச்சுப்பொறிக்கு நாங்கள் ரஸ்ட்டிலிருந்து கட்டளைகளை நேரடியாக அனுப்பிச் சமாளித்தோம். ஏ4 தாளில் வரிசையாகப் பட்டியல் எடுக்கும் இரண்டு வாடிக்கையாளர்களிடம் இன்றும் பழைய எலக்ட்ரான் பதிப்பே ஓடுகிறது; அவர்களுக்காக அந்த மறுகம்பைல் வேலையை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.